எல்விஸுக்கு முன்னால் பாடியவர்கள்

அன்புள்ள சுந்தரம்,

கடிதம் கிடைத்தது. மகளுக்கு வரன் அமைந்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். எனக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. படிக்கக் கூடாது என்று சொல்லியிருந்ததால் இத்தனை நாளும் பாட்டுதான் துணை.

அதனால்தானோ என்னவோ, ‘க்ரையிங் இன் த சேப்பல்’ ராக் பாடகர் எல்விஸ் பிரெஸ்லியின் பாட்டு என்று நீ போகிற போக்கில் எழுதியதை என்னால் விட முடியவில்லை. எல்விஸ் பாடியது வெளிவந்தது 1965இல். 1953லேயே அதைப் பாடி, கறுப்பின மக்களின் இசையான ரிதம் அண்ட் ப்ளூஸ் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தவர்கள் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்துக் கறுப்பின இளைஞர்கள். குழுவின் பெயர் ஓரியோல்ஸ். மேரிலாந்து மாநிலப் பறவையின் பெயரைத்தான் வைத்துக்கொண்டார்கள்.

ஆனால் அவர்களுடைய அசல் பாட்டு அதற்கு ஐந்து வருடம் முந்தையது. அதை எழுதியவர், பால்டிமோரில் கடையொன்றில் வேலை பார்த்துக்கொண்டே பாட்டு எழுதிய யூதப் பெண் டெபோரா செஸ்லர். இந்தப் பையன்களின் குரலைக் கேட்டு, மேலாளர் பொறுப்பையும் அவரே ஏற்றுக்கொண்டார். நிறவெறி கோலோச்சிய தென் மாநிலங்களில் வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி கறுப்பின இளைஞர்களோடு ஊர் சுற்றுவது அன்றைக்கு உயிரோடு விளையாடுகிற காரியம். 1948இல் ஆர்தர் காட்ஃப்ரி வானொலியில் நடத்திய திறமைப் போட்டிக்கு அவர்களை நியூயார்க் அழைத்துப் போனார். ஜெயித்தது பியானோக்காரர் ஜார்ஜ் ஷியரிங். தோற்றவர்களை காட்ஃப்ரி மறுபடியும் கூப்பிட்டுப் பாட வைத்தார். அந்த ஆண்டே செஸ்லர் எழுதிய ‘இட்ஸ் டூ சூன் டு நோ’ இசைத்தட்டாக வந்து, கறுப்பின மக்களுக்கான பட்டியலில் முதலிடத்துக்கும் பொதுப் பட்டியலில் 13ஆம் இடத்துக்கும் போனது.

அதை ஹெட்ஃபோனில் கேள். வாத்தியம் பெயருக்குத்தான். குழுவின் முன்னணிப் பாடகர் சன்னி டில் வரியைத் தாளத்துக்குச் சற்றுப் பின்னால் இழுத்து, பாதிச் சந்தேகத்தோடு பாடுவார். தலைக்கு மேலே அலெக்சாண்டர் ஷார்ப்பின் மெல்லிய உச்சக் குரல், சொல்லில்லாமல் மிதக்கும். நடுவில் ஜார்ஜ் நெல்சன் கனத்த குரலில் நுழைந்து இரண்டு மூன்று வரி பாடிவிட்டு விலக, மறுபடி டில். அதுவரை பிரபலமாக இருந்த இங்க் ஸ்பாட்ஸ் போன்ற குழுக்களிடம் பாந்தம் உண்டு, இந்தத் தவிப்பு கிடையாது. டில் பாடினால் அரங்கில் பெண்கள் அலறுவார்களாம். எனக்கு வியப்பில்லை.

பிறகு நடந்ததுதான் மனசைப் பிசைகிறது. 1950 நவம்பரில் கார் விபத்தில் கித்தார் வாசித்த டாமி கெய்தர் இறந்துபோனார். நெல்சனுக்கும் அடிக்குரல் பாடகர் ஜானி ரீடுக்கும் காயம். குழு தொடர்ந்து பாடியது, ஊர் ஊராகப் போனது. பழைய வேகத்தில் வெற்றி வரவில்லை. ‘சேப்பல்’ பாட்டுதான் கடைசிப் பெரிய வெற்றி. அதுவும் ஆர்ட்டி க்ளென் தன் மகன் டாரெலுக்காக எழுதிய கன்ட்ரி பாட்டு, அமெரிக்க நாட்டுப்புற மெட்டு வகை. தங்கள் மேலாளர் செஸ்லர் எழுதிய பாட்டால் மேலே வந்தவர்கள், இன்னொருவர் பாட்டை எடுத்துப் பாடித்தான் மறுபடி மேலே வர முடிந்தது. சரிவு அப்போதே தொடங்கிவிட்டது என்பது என் கட்சி.

ரசனை மாறியது என்று எழுதுவார்கள். மாறியது உண்மைதான். 1954இல் க்ரோஸ், பெங்குவின்ஸ் என்று பறவைப் பெயர்க் குழுக்களின் இசைத்தட்டுகள் விற்றுத் தள்ளின. வழி போட்டவர்களுக்கு அந்த வழியில் இடமில்லை. ஆனாலும், குழுவுக்கென்று எழுதிய செஸ்லரும் விலகிய பிறகு அவர்களிடம் புதிதாகச் சொல்ல என்ன இருந்தது? பழைய குழு கலைந்தது. டில் வேறு பாடகர்களைச் சேர்த்துக்கொண்டு அதே பெயரில் பாடினார். 1981இல் இறந்தார். ராக் இசைச் சாதனையாளர்களைக் கௌரவிக்கும் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் குழுவின் பெயர் சேர்ந்தது 1995இல்தான்!

எல்விஸ் நன்றாகவே பாடியிருக்கிறார், அதில் சண்டையில்லை. முதலில் 1948ஐக் கேள், அப்புறம் 1953, கடைசியாக அவர். கதிரேசன் இங்கே வந்திருந்தபோது அவனுக்கும் போட்டுக் காட்டினேன். இரண்டாவது பாட்டிலேயே குறட்டை விட்டுவிட்டான்.

அன்புடன்,
ராமநாதன்