அப்பாவின் லேப்டாப்பும் புது ரூட்டரும்

அன்புள்ள சரசு,

ஐப்பசியில் நீ கேட்ட கேள்விக்கு மார்கழியில் பதில் எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே. "எந்த ரூட்டர் வாங்கலாம், ஒரு வரியில் சொல்லுடி" என்று கேட்டிருந்தாய். ஒரு வரிப் பதில் என்னிடம் தயாராகத்தான் இருந்தது. அது தப்பு என்று எங்கள் வீட்டிலேயே தெரிந்துபோனது.

இங்கே எல்லோரும் சௌக்கியம். பொம்மி கும்பகோணம் வந்திருந்தாள். வந்ததும் வராததுமாக இட்லிப் பானைக் கதையை என் மாமியார் முன்னாலேயே ஆரம்பித்துவிட்டாள். உன் பெயரும் அதில் அடிபட்டது, சேர்ந்தே அனுபவிப்போம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ கேட்ட அதே வாரம் ஒரு இடி விழுந்து எங்கள் பழைய ரூட்டர் போய்விட்டது. கடைக்காரர் வைஃபை 6 ரூட்டர் ஒன்றை எடுத்து வைத்தார், வைஃபையின் புதுத் தலைமுறைகளில் ஒன்று அது. பெட்டியில் 1800 என்று பெரிதாகப் போட்டிருந்தது. மாட்டியதும் சின்னவளின் லேப்டாப்பில் எல்லாம் பறந்தது. உனக்கும் இதையே சொல்லிவிடலாம் என்று நினைத்தேன்.

பதினொரு நாள் கழித்து, விடியற்காலையில் தண்ணீர் குடிக்க எழுந்து வந்தேன். அப்பா கூடத்தில் விளக்குப் போடாமல் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தார். அண்ணன் 2014இல் வாங்கிக் கொடுத்தானே, அதேதான். தினமும் நாலரைக்கு எழுந்து தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்தில் ஏதாவது பழைய புத்தகத்தைத் திறந்து, எழுத்தைப் பெரிதாக்கிப் படிப்பது அவர் வழக்கம். அன்றைக்குத் திரையில் புத்தகம் இல்லை. வைஃபை பட்டியல் மட்டும் இருந்தது. எதிர்வீடு, மாடிவீடு, மருந்துக்கடை எல்லாம் அதில் இருக்கிறது. எங்கள் வீட்டுப் பெயர் இல்லை. "இதுக்கும் வயசாயிடுச்சும்மா. நான்தான் எதையோ தட்டிட்டேன் போல" என்றார். பதினொரு நாளாக யாரிடமும் மூச்சு விடவில்லை. பேப்பர் வரும்வரை அப்படியே உட்கார்ந்திருந்திருக்கிறார். எனக்கு வயிற்றைப் பிசைந்துவிட்டது, சரசு.

அவர் எதையும் தட்டவில்லை. வைஃபை 6 சாதனங்களுக்குச் சான்று கொடுக்கத் தொடங்கியதே 2019இல்தான். அதற்கு முந்தைய வைஃபை கார்டுகள் சிலவற்றின் பழைய டிரைவருக்கு, அதாவது கார்டை இயக்கும் மென்பொருளுக்கு, அந்த சிக்னலைப் புரிந்துகொள்ளத் தெரியாது. அதனால் பட்டியலிலேயே காட்டாது. அன்று காலையே ரூட்டரின் செட்டிங்ஸைத் திறந்து, அது பேசும் இரண்டு அலைவரிசைகளில் 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும் வைஃபை 6ஐ நிறுத்தி, 'என்' என்ற பழைய தலைமுறை வைஃபை முறையில் ஓடவிட்டேன். இன்னொன்றான 5 கிகாஹெர்ட்ஸைத் தொடவில்லை, அது புதிய சாதனங்களுக்கு. இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்தேன். 2.4க்குப் பழைய ரூட்டரின் பெயரையும் பாஸ்வேர்டையும் அப்படியே எழுத்து மாறாமல் கொடுத்தேன். ஒரு நிமிடத்தில் அப்பாவின் லேப்டாப் தானாகவே சேர்ந்துகொண்டது. பிறகு அதன் டிரைவரையும் புதுப்பித்துவிட்டேன்.

அதிலிருந்து எனக்கு இது ஒரு வெறியாகவே ஆகிவிட்டது. ரூட்டரை வீட்டில் இருக்கும் புதுப் போனுக்காக வாங்கக் கூடாது. இருப்பதிலேயே பழைய பொருளைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். புதுப் போன் எதிலும் ஒட்டிக்கொள்ளும். உன் வீட்டில் அந்தப் பழைய பொருள் உன் லேபிள் பிரிண்டர். அது நின்றால் உன் ஆர்டர் நிற்கும். அந்தக் காலத்து பிரிண்டர்கள் பெரும்பாலும் 2.4 மட்டும்தான் பேசும். வைஃபைக்குப் பூட்டுப் போடும் பாதுகாப்பு முறையில், புதியதான டபிள்யூ.பி.ஏ. 3 என்று மட்டும் வைத்தால் அது உள்ளேயே வராது. அந்த முறை 2018இல் வந்தது. 2.4க்கு அதற்கு முந்தைய டபிள்யூ.பி.ஏ. 2, ஏ.இ.எஸ். என்று பட்டியலில் இருப்பதை வை, போதும். யாராவது இன்னும் பழைய முறையான டபிள்யூ.இ.பி. வைக்கச் சொன்னால் மட்டும் கேட்காதே. அது பூட்டே இல்லாத கதவு. பழைய பொருட்களை கெஸ்ட் நெட்வொர்க்கில், அதாவது விருந்தாளிகளுக்கென்று பிரித்து வைக்கும் வைஃபையில், தள்ளிவிடலாம் என்றும் சொல்வார்கள். உனக்கு அது ஒத்துவராது. பிரிண்டர் அங்கே போனால் உன் கம்ப்யூட்டருக்கு அது தெரியாமல் போய்விடும்.

பெட்டியில் இருக்கும் எண்ணில் மயங்காதே. 1800 என்பது 2.4இன் 574ஐயும் 5இன் 1201ஐயும் கூட்டி மேலே தள்ளிப் போட்டது. எந்த ஒரு பொருளுக்கும் அந்த வேகம் கிடைக்காது. அதைவிட, இணைய கேபிளைச் செருகும் பின்பக்க போர்ட் கிகாபிட்டா, அதாவது 1000 எம்.பி.பி.எஸ். வேகமா, என்று கேள். மலிவு ரூட்டர்கள் சிலவற்றில் 100 எம்.பி.பி.எஸ். போர்ட்தான் இருக்கும். நீ 200க்குப் பணம் கட்டுகிறாய், பாதி வாசலிலேயே நின்றுவிடும். வைஃபை 7 உனக்கு இப்போது வேண்டாம். அதைப் பேசும் பொருள் ஒன்றுகூட உன் வீட்டில் இல்லையே. வைஃபை 6 போதும், ஆனால் இரண்டு அலைவரிசைக்கும் தனித்தனியாக முறையை மாற்ற விட வேண்டும். எல்லா ரூட்டரிலும் அது இருக்காது. கடைக்குப் போகும்முன் அந்த மாடலின் கையேட்டை இறக்கிப் பார்த்துவிடு.

வைக்கும் இடம் இன்னொன்று. உன் வீட்டில் அம்மா படுக்கும் பின்கட்டு வரைக்கும் இரண்டு கனத்த சுவர் இருக்கிறது. 5 கிகாஹெர்ட்ஸ் அதற்குள் நுழைவதற்குள் சோர்ந்துவிடும், 2.4 போய்ச் சேரும். ரூட்டரை டிவிக்குப் பின்னால் ஒளித்து வைக்காமல் நடுக் கூடத்தில் உயரமாக வை. அம்மாவிடம் அவர்கள் போனை ஒரு தடவை வாங்கிப் பார். எல்லாம் சரியாக இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்றுதான் சொல்வார்கள்.

அப்பா இப்போதெல்லாம் நாலரைக்கு முன்னாலேயே எழுந்துவிடுகிறார். நேற்று ஒரு பாட்டைச் சத்தமாகவே வாசித்தார், சின்னவள் போர்வைக்குள்ளிருந்து சத்தம் போட்டாள்.

பிரிண்டரைத் திருப்பி, பின்பக்கம் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைப் படம் எடுத்து அனுப்பு. நான் பார்த்துச் சொல்லும்வரை கடைப்பக்கம் போகாதே.

அன்புடன்,
கலா