மால்டா போகும் கௌரி அக்காவுக்கு

அன்புள்ள கௌரி அக்கா,

ஐந்து நாள் மால்டா பயணத்துக்கு நீங்கள் போட்டிருக்கும் பட்டியலைப் பார்த்தேன். பெரிய தீவின் நீளமே 27 கிலோமீட்டர்தான் என்ற தைரியத்தில் ஒரு நாளைக்கு நான்கு இடம் வைத்திருக்கிறீர்கள். பாதியை அடித்துவிடுங்கள். பேருந்துக்குக் காத்திருப்பதிலும் சாலை நெரிசலிலும் பொழுது போய்விடும்.

முதல் வேலையாக ஹைப்போஜியம் சீட்டை இணையத்தில் எடுங்கள். பாவ்லா என்ற ஊரில் வீடுகளுக்கு அடியில், சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து மூன்று அடுக்காகச் செய்த ஈமக்குகை அது. வயது ஐயாயிரம் ஆண்டுக்கு மேல். 1902-இல் கட்டட வேலை நடந்தபோது தற்செயலாக அகப்பட்டது. ஆட்கள் விடும் மூச்சில் ஈரமும் கரியமில வாயுவும் ஏறி, கூரையில் உள்ள செங்காவிச் சுருள் ஓவியங்கள் அழிகின்றன. அதனால் ஒரு தடவைக்குப் பத்துப் பேர், நாளொன்றுக்கு 80 பேர்தான். கோடையில் சில மாதம் முன்பே சீட்டு தீர்ந்துவிடும். உள்ளே படம் எடுக்க விடமாட்டார்கள். அங்கே கிடைத்த, உள்ளங்கைக்குள் அடங்கும் 'உறங்கும் பெண்' சிலை தலைநகர் வாலெட்டாவின் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. குகையைப் பார்த்த பிறகு அதைப் பாருங்கள்.

வாலெட்டாவிலேயே புனித யோவான் இணைப் பேராலயம். தரை முழுக்க புனித யோவான் சபையின் ஏறத்தாழ 400 வீரர்களின் சலவைக்கல் கல்லறைகள் என்பதால் கூர் குதிகால் செருப்புக்குத் தடை. தோளும் மூடியிருக்க வேண்டும். ஞாயிறன்று சுற்றுலாப் பயணிகளுக்கு இல்லை. இத்தாலிய ஓவியர் கரவாஜ்ஜோ 1608-இல் தீட்டிய, யோவானின் தலை வெட்டப்படும் ஓவியத்தின் அடிப்பகுதியைக் கவனியுங்கள்: வழியும் இரத்தத்தாலேயே எழுதியதுபோலக் கையொப்பம். அவர் கையொப்பமிட்ட ஓவியம் அது ஒன்றுதான்.

பேருந்து நிறுத்தத்தில் சும்மா நின்றால் வண்டி நிற்காது, கை காட்ட வேண்டும். நிரம்பிவிட்டால் கை காட்டினாலும் நிற்காது. ஆகவே நடுவழியில் ஏறப் பார்க்காமல் வாலெட்டா நகர வாயிலுக்கு வெளியே, ட்ரைட்டன் நீரூற்றருகே உள்ள நிலையத்திலேயே ஏறுங்கள். ஒரு சீட்டு இரண்டு மணி நேரம் செல்லும், அதற்குள் வண்டி மாறலாம். பலகையில் ஊர்ப்பெயர் படிக்கும்போது எக்ஸ் எழுத்தை 'ஷ்' என்று வாசியுங்கள். மர்சஷ்லோக் மீன்சந்தைக்குப் போக அது உதவும். சந்தை ஞாயிறு காலை.

பக்கத்துத் தீவான கோஸோவுக்கு அரைநாள் போதாது, முழுநாள் கொடுங்கள். சிர்கெவ்வா துறைமுகத்திலிருந்து கப்பல் 25 நிமிடம். போகும்போது சீட்டுக் கேட்கமாட்டார்கள், திரும்பும்போதுதான் கட்டணம். பழைய விளம்பரங்களில் வரும் கல் வளைவு 2017 மார்ச்சில் புயலில் கடலுக்குள் விழுந்துவிட்டது. அதைத் தேடி அலையாதீர்கள். ஷ்வெய்னி உப்பளங்களில் பாத்திகளை மிதிக்காதீர்கள், இன்றும் அங்கே கையால் உப்பு அள்ளுகிறார்கள்.

கடலுக்குப் போகும் நாளைக் காற்றைப் பார்த்து முடிவுசெய்யுங்கள். வடமேற்குக் காற்று அடித்தால் கோல்டன் பே கடற்கரை கொந்தளிக்கும். தெற்கே புளூ குரோட்டோ கடற்குகைகள் பக்கம் அமைதியாக இருக்கும். தென்காற்று என்றால் தலைகீழ், அங்கே படகே ஓடாது. படகுக்குக் காலை வெயில்தான் நல்லது, நீரின் நீலம் அப்போதுதான் தெரியும். கொமினோ என்ற குட்டித் தீவின் புளூ லகூன் குளிக்கும் துறையை ஜூலை, ஆகஸ்ட் நண்பகலில் நான் யாருக்கும் பரிந்துரைக்கமாட்டேன். நிற்க நிழல்கூட இல்லை.

நீங்கள் சைவம் என்பதால் ஒன்று. பஸ்டிஸி என்ற உள்ளூர் மாவுப் பலகாரத்தில் இரண்டு வகை: நடுவில் வாய் திறந்த வைர வடிவம் ரிக்கோட்டா பாலாடைக்கட்டி, பக்கவாட்டில் மூடியது பட்டாணி. மேல்மாவில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பதும் உண்டு, கேட்டுவிட்டு வாங்குங்கள். தக்காளி தேய்த்த ரொட்டி கேட்டால் சூரை மீன் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கோடை வார இறுதி என்றால் ஏதாவது ஓர் ஊரில் ஃபெஸ்தா இருக்கும். நம் ஊர்த் தேர்த்திருவிழா போலத்தான்: புனிதர் சிலை தோளில் வரும், பின்னால் பேண்டு வாத்தியம், மேலே காகிதத் துணுக்குமழை. பல ஊர்களில் இரண்டு பேண்டு சங்கங்கள் தலைமுறையாகப் போட்டி போடும். எது உசத்தி என்று கேட்டு வம்பில் மாட்டாதீர்கள். காலையிலேயே வெடி தொடங்கிவிடும், அதனால் கோயிலை ஒட்டிய விடுதி வேண்டாம். ஊர்வல நேரத்தில் பேருந்துகளை வேறு பாதையில் திருப்பிவிடுவார்கள். திரும்பும் வண்டி எங்கே நிற்கும் என்று இறங்கும்போதே ஓட்டுநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
தம்பி