ஆட்குறைப்புப் பேச்சு: உறுப்பினர்கள் கவனத்திற்கு

அனைவருக்கும் வணக்கம். நம் கடைகளில் ஆட்குறைப்பு வரப்போகிறது என்ற பேச்சு கிளைக்குக் கிளை பரவியிருக்கிறது. நிர்வாகம் எழுத்தில் எதையும் சொல்லவில்லை. ஆனால் விலகியவர்களின் இடம் காலியாகவே கிடக்கிறது. பில் போடுபவரே அலமாரியும் அடுக்குகிறார். இந்த நிலையில் பயப்படாதீர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஒன்றை மன்றாடிக் கேட்கிறேன்: யார் வற்புறுத்தினாலும் ராஜினாமாக் கடிதத்தில் அந்த இடத்திலேயே கையெழுத்திடாதீர்கள். நீங்களாகவே விலகியதாகப் பதிவாகிவிட்டால், பணிநீக்கத்துக்கான இழப்பீட்டைக் கேட்டுப் பெறுவது பெரும்பாலும் கடினம். படித்துப் பார்க்க அவகாசம் கேளுங்கள், நகல் வாங்குங்கள். நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், விடுப்புக் கணக்கு ஆகியவற்றை இன்றே சொந்தமாகச் சேமித்து வையுங்கள். நிறுவனக் கணக்கு முடக்கப்பட்டால் அவை கைக்கு எட்டாது. வாடிக்கையாளர் விவரங்களை மட்டும் தொடவே வேண்டாம், அதுவே உங்களை நீக்கக் காரணமாகிவிடும்.

வேலை இழக்கப்போகிறவர்கள் என்று நேற்றிரவு இந்தக் குழுவில் வந்த பெயர்ப்பட்டியலை அழித்துவிட்டேன். அதில் தன் பெயரைப் பார்த்த சகோதரி ஒருவர் விடியும்வரை அழுதிருக்கிறார். எங்கிருந்து வந்தது என்றே தெரியாத பட்டியலை இனி யாரும் பகிர வேண்டாம்.

மனிதவளப் பிரிவிலிருந்து அழைப்பு வந்தால், போவதற்கு முன் குழுவில் ஒரு வரி எழுதுங்கள். எந்த நேரமானாலும் பதில் சொல்கிறேன்.