வெடிப்பது கம்ப்ரசரின் தொட்டி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பஞ்சர் கடையில் கம்ப்ரசர் வெடித்து ஒருவர் உயிரிழந்தார் என்ற செய்தியை அவ்வப்போது படிக்க நேர்கிறது. அச்செய்திகளில் வெடித்தது எந்தப் பகுதி என்பது பெரும்பாலும் எழுதப்படுவதில்லை. கம்ப்ரசர் என்று நாம் சொல்வதில் மோட்டார், பெல்ட், பிஸ்டன் ஆகியவை சேர்ந்து காற்றை அழுத்தும் பகுதி ஒன்று. அந்தக் காற்றைத் தேக்கி வைக்கும் இரும்புத் தொட்டி மற்றொன்று. முன்னது பழுதானால் சத்தம் மாறும், காற்று ஏறாது, கடைக்காரர் உடனே மெக்கானிக்கை அழைத்துவிடுவார். தொட்டியோ வெளியே பெயின்ட் மின்ன நிற்கும்போதே உள்ளே ஆண்டுக்கணக்கில் அரிக்கப்பட்டுக் கொண்டிருக்கும்.

அரிப்புக்குக் காரணம் தண்ணீர். தண்ணீரே ஊற்றாத தொட்டிக்குள் அது எப்படி வந்தது என்று பலர் வியக்கிறார்கள். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். அதே காற்றின் அழுத்தத்தை வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் 7 பார் (ஒரு பார் என்பது ஏறத்தாழ வெளிக்காற்றின் அழுத்தம்) ஏற்றினால் அதன் பருமன் எட்டில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. அது ஆறிய பின் தாங்கக்கூடிய நீராவியும் ஏறத்தாழ அதே அளவுக்குக் குறைந்துவிடுவதால், மீதி முழுவதும் நீராக மாறித் தொட்டியின் அடியில் தங்குகிறது. இதை வெளியேற்றத்தான் அடியில் ஒரு திருகு வால்வு வைத்திருக்கிறார்கள். அதைத் தினமும் மாலையில் திறந்துவிட வேண்டும். நான் பார்த்த பெரும்பாலான கடைகளில் அந்த வால்வு துருப்பிடித்து இறுகிப் போயிருந்தது.

சேஃப்டி வால்வு இருக்கிறதே என்று சிலர் ஆறுதல் கொள்கிறார்கள். அழுத்தம் அளவுக்கு மீறினால்தான் அது திறக்கும். அடித்தகடு அரித்து மெலிந்துவிட்ட தொட்டி வழக்கமான அழுத்தத்திலேயே கிழியும். அப்போது அந்த வால்வால் செய்யக்கூடியது எதுவுமில்லை. 7 பார் அழுத்தத்தில் நிற்கும் 200 லிட்டர் தொட்டியில், ஒரு டன் எடையுள்ள கார் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது கொண்டிருக்கும் ஆற்றலுக்குக் குறையாத ஆற்றல் அடைபட்டிருக்கிறது. அதன் பக்கத்தில் உட்கார்ந்துதான் பதினெட்டு வயதுப் பையன்கள் டியூபைத் தேய்த்துக் கொண்டிருக்கிறார்கள்.

சென்ற மாதம் என் ஸ்கூட்டருக்குக் காற்றடிக்கப் போன ஒரு கடையில், தொட்டியின் அடியில் விழுந்திருந்த ஊசித்துளையை வெல்டிங் வைத்து அடைத்திருந்தார்கள். ஊசித்துளை என்பது சுற்றியுள்ள தகடும் மெலிந்துவிட்டது என்பதற்கான அடையாளம். பற்றவைப்பின் சூடு அந்த இடத்தை மேலும் பலவீனப்படுத்தும். துளை விழுந்த தொட்டியை மாற்றுவது ஒன்றே வழி என்று கடைக்காரரிடம் சொன்னேன். புதுத் தொட்டியின் விலையைக் கேட்டதும் அவர் முகம் வாடியதையும் பார்த்தேன். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அழுத்தத்தில் இயங்கும் கலன்களின் பாதுகாப்பை 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் தன் 31-ஆம் பிரிவில் வலியுறுத்தியது. ஆனால் மின்சக்தி பயன்படுத்தும் இடத்தில் குறைந்தது 10 பேர் வேலை செய்தால்தான் அச்சட்டப்படி அது தொழிற்சாலையாகக் கருதப்பட்டது. 2020-இல் நிறைவேறிய பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அந்த எண்ணிக்கையை 20 ஆக உயர்த்தியது. இரண்டு பேர் உழைக்கும் பஞ்சர் கடை இரண்டிலுமே அடங்கவில்லை. நம் வீட்டுச் சமையல் எரிவாயு சிலிண்டரின் கழுத்தில் அடுத்த சோதனைக்கான காலாண்டும் ஆண்டும் எழுதப்பட்டிருக்கும். காற்றுத் தொட்டிக்கும் அப்படி ஒரு தேதி வேண்டும்.

சோதனை கடினமானதும் அன்று. தொட்டியில் நீரை நிரப்பிக் கைப்பம்பால் வேலை அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு ஏற்றிப் பார்ப்பது வழக்கம். நீர் அழுத்தத்தில் அதிகம் சுருங்காது என்பதால், தொட்டி விட்டுக்கொடுத்தாலும் பெரும்பாலும் ஒழுகுமே தவிரச் சிதறாது. ஒவ்வொரு வட்டாரத்திலும் உள்ள அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களும் பாலிடெக்னிக்குகளும் தகுதி பெற்றவர்களின் மேற்பார்வையில் ஆண்டுக்கு ஒருமுறை இதைக் குறைந்த கட்டணத்தில் செய்து தரலாம். உள்ளாட்சி அமைப்புகள் கடை உரிமத்தைப் புதுப்பிக்கும்போது அந்தச் சான்றைக் கேட்கலாம்.

தங்கள் நாளிதழிடமும் ஒரு வேண்டுகோள். இனி இத்தகைய விபத்துச் செய்தியை வெளியிடும்போது, அந்தத் தொட்டியின் வயது என்ன, கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டது என்பதையும் கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஐடிஐ பயிற்றுநர்,
கோயம்புத்தூர்