பாப்பாவுக்கு, மாத்திரை விஷயமாக

பாலக்கோடு
புதன் இரவு

பாப்பா,

போனில் இந்தப் பேச்சை எடுத்தாலே நீ அழுகிறாய், நான் அதட்டுகிறேன். அதனால்தான் எழுதுகிறேன். நெஞ்சுப் படபடப்புக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை மூன்று வாரம் போட்டேன், அப்புறம் நிறுத்திவிட்டேன். அதற்குப் பிறகும் நீ கேட்டபோதெல்லாம் "போடுகிறேன்" என்றது பொய். தப்புதான், கண்ணு. இனி மறைக்க மாட்டேன்.

உன் பயம் எனக்குத் தெரியும். பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்க உட்கார்ந்த அப்பா எழுந்திருக்கவே இல்லை. எனக்கும் அதே பயம்தான். டாக்டரிடம் முதலில் அதைத்தான் கேட்டேன். அப்பாவுக்கு இருந்தது ரத்தக்குழாய் அடைப்பு. எனக்கு இருப்பது வேறு. துடிக்கச் சொல்லும் கரண்டு இதயத்தின் மேல்பக்கம் ஓரிடத்திலிருந்து வர வேண்டும். எனக்குக் கீழறையில் இன்னோர் இடம் நடுநடுவே முந்திக்கொள்கிறது. எக்டோபிக் துடிப்பு என்கிறார்கள். முந்தி வரும் துடிப்பில் ரத்தம் சரியாக நிரம்பியிருக்காது, அதனால் பல சமயம் நாடியிலேயே தெரியாது. அதன் பிறகு ஒரு இடைவெளி. அதற்குள் ரத்தம் கூடுதலாகச் சேர்ந்துவிடுவதால் அடுத்த துடிப்பு தொண்டைக்குழி வரை இடிக்கிறது. நெஞ்சு நின்றுபோய்த் திரும்ப ஓடுகிறது என்று நான் பயந்துகொண்டிருந்தது அந்த இடைவெளிக்குத்தான்.

தர்மபுரியில் துடிப்பைப் பதிவு செய்யும் ஹோல்டர் கருவியை மாட்டி அனுப்பினார்கள். நெஞ்சில் ஒட்டிய ஒயர்கள், இடுப்பில் ஒரு சின்னப் பெட்டி, 24 மணி நேரம். எப்போது படபடத்தாலும் நேரத்தைக் குறித்து வைக்கச் சொன்னார்கள். காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினேன்: மாலை 6.10, மல்பெரித் தழைக் கட்டை இறக்கியதும். இரவு 9.40, பட்டுப்புழுவுக்குத் தழை போட்டு முடித்து உட்கார்ந்ததும். இப்படி 11 தடவை. ரிப்போர்ட்டில் அன்றைக்கு மொத்தம் 92 ஆயிரம் சொச்சம் துடிப்பு, அதில் முந்தி வந்தவை 2,700. நூற்றுக்கு மூன்றுகூட இல்லை. அதிகமாக வந்தது விடியற்காலை 3 மணிக்கு. என் தாளில் அந்த நேரத்துக்கு ஒன்றுமே இல்லை, நான் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தேன். அதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பாதி பயம் போனது.

எக்கோ என்ற இதய ஸ்கேனில் இதயத்தின் அமைப்பும் பலமும் சரியாக இருந்தன. தைராய்டு, பொட்டாசியம், ரத்த அளவு எல்லாம் சரி. அதனால் இந்த மாத்திரை ஆயுளுக்கு இல்லை, தொந்தரவைக் குறைக்கத்தான் என்றார் டாக்டர். "படபடப்பு உங்களைப் படுத்துகிறதா, மாத்திரை படுத்துகிறதா, பார்த்துச் சொல்லுங்கள்" என்றார்.

அந்த மாத்திரை மெட்டோபுரோலால், 25 மில்லிகிராம். முதல் வாரம் படபடப்பு கொஞ்சம் குறைந்தது உண்மை. ஆனால் எனக்குப் பிரஷர் எப்போதுமே குறைவு. குனிந்து தழை அறுத்து நிமிர்ந்தால் கண் இருட்டியது. ஒருநாள் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். அன்று நாடி பார்த்தபோது 48. டாக்டரிடம் போய்ச் சொன்னேன். திடீரென்று நிறுத்தக் கூடாது, ஒரு வாரம் பாதி மாத்திரை, பிறகு விட்டுவிடலாம் என்றார். அப்படித்தான் நிறுத்தினேன், நானாக இல்லை.

"கூடுதல் துடிப்பை அடியோடு அடக்கிவிட்டால் நல்லதுதானே?" என்று நீ கேட்டதையே அவரிடமும் கேட்டேன். ஒரு காலத்தில் டாக்டர்களும் அப்படித்தான் நினைத்தார்களாம். அமெரிக்காவில் மாரடைப்பு வந்து பிழைத்தவர்களுக்கு இதை அடக்கும் மருந்துகளைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். துடிப்பு அடங்கியது, ஆனால் மருந்து சாப்பிட்டவர்களில்தான் சாவு அதிகம். 1989-ல் அந்த மருந்துகளைப் பாதியில் நிறுத்த வேண்டி வந்தது. என் மாத்திரை அந்த வகை இல்லை, அந்த ஆபத்தும் இதற்கு இல்லை. ஆனாலும் எண்ணிக்கையைக் குறைப்பது வேறு, ஆளைக் காப்பாற்றுவது வேறு என்று அன்று எனக்குப் புரிந்தது.

அதனால் இப்போதைக்கு வேண்டாம் என்பது என் முடிவு. காசுக்காகவோ பிடிவாதத்துக்காகவோ இல்லை. என்றைக்குமே வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கூடுதல் துடிப்பு நூற்றுக்குப் பத்தைத் தாண்டினாலோ, எக்கோவில் பலம் குறைந்தாலோ, தூங்க விடாமல் படுத்தினாலோ மறுபடி தொடங்குவேன். வேறு மாத்திரையும் இருக்கிறதாம். மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், விடாமல் வேகமாக அடிப்பது, இதில் எது வந்தாலும் ராத்திரி பகல் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போவேன். பக்கத்து வீட்டுச் சித்தியிடம் சொல்லி, ஆட்டோக்காரர் நம்பரைப் புழு வளர்க்கும் மனையின் கதவிலும் ஒட்டி வைத்திருக்கிறேன்.

ராத்திரி பத்து மணி டீயை விட்டுவிட்டேன். புழுவின் கடைசிப் பருவத்தில் நடுச்சாமத்துக்குத் தழை போட ஒரு ஆளை வைத்திருக்கிறேன், கூலி போனாலும் தூக்கம் மிஞ்சுகிறது. கண் விழித்த மறுநாள்தான் எனக்கு அதிகம் வருகிறது.

அடுத்த ஹோல்டர் தை மாதம். அப்போது லீவு போட்டு வா. புனேயில் உட்கார்ந்து நெட்டில் தேடுவதைவிட, என் பக்கத்தில் உட்கார்ந்து உன் சந்தேகத்தையெல்லாம் டாக்டரிடமே கேள். அவர் சொல்வதைக் கேட்ட பிறகும் உனக்கு மனசு ஆறவில்லை என்றால், மாத்திரையைப் பற்றி மறுபடியும் பேசலாம்.

இன்றைக்கு நாலாவது தோல் உரித்துப் புழு எழுந்துவிட்டது. தழை போடப் போகிறேன்.

அம்மா