தனியார் பாடசாலையின் வகுப்பேற்ற, ஒழுக்க விதிகள் தொடர்பாகப் பெற்றோரின் கோரிக்கை மனு

மாகாணக் கல்விப் பணிப்பாளர் அவர்கள்,
கிழக்கு மாகாணக் கல்வித் திணைக்களம்,
திருகோணமலை.

ஐயா / அம்மணி,

விடயம்: விடுகைப் பத்திரம் மறுக்கப்பட்ட பிள்ளைகளை அரச பாடசாலைகளில் சேர்த்தலும், தனியார் பாடசாலையின் விதிகளை எழுத்தில் பெறுதலும்

நாங்கள் திருகோணமலை நகரிலும் உப்புவெளி, பாலையூற்று, சீனக்குடா, கிண்ணியா பக்கங்களிலும் வசிக்கும் பெற்றோர். எங்கள் பிள்ளைகள் நகரில் உள்ள ஓர் ஆங்கில மொழித் தனியார் பாடசாலையில் படிக்கிறார்கள். சிலர் அண்மைக்காலம் வரை படித்தார்கள். பாடசாலையின் பெயரையும் பிள்ளைகளின் பெயர்களையும் இந்த மனுவில் எழுதவில்லை. இன்னும் அங்கே வகுப்பில் இருக்கும் பிள்ளைகளுக்கு எங்களால் தொல்லை வரக்கூடாது. அந்த விபரங்கள் மூடிய உறையில் தனியாக இணைக்கப்பட்டுள்ளன.

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறோம். தரம் 10 இல் படித்த பதினைந்து வயதுப் பையன் ஒருவன் இப்போது வீட்டில் இருக்கிறான். வகுப்புக்குள் கைத்தொலைபேசி கொண்டுபோனான், பிடிபட்டான். அது பிழைதான், அதில் எங்களுக்கு மறுபேச்சு இல்லை. போனை வாங்கி வைத்துக்கொண்டு தகப்பனைக் கூப்பிட்டிருந்தால் விடயம் அன்றைக்கே முடிந்திருக்கும். ஆனால் இரண்டு வாரம் வரவேண்டாம் என்று தொலைபேசியில் சொன்னார்கள். கடிதம் கேட்டோம், தரவில்லை. இரண்டு வாரம் கழித்துப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனபோது, "வேறு இடம் பாருங்கள், அது அவனுக்கும் நல்லது" என்றார்கள். சரி, வேறு இடம் பார்ப்போம் என்று விடுகைப் பத்திரத்தைக் கேட்டால், வருட முடிவு வரையான தவணைக் கட்டணத்தைக் கட்டி முடித்தால்தான் தருவோம் என்று பதில் வந்தது. தாங்களே போகச் சொல்லிவிட்டு, அவன் படிக்கப் போகாத தவணைகளுக்கும் காசு கேட்கிறார்கள். தகப்பன் சந்தையில் மரக்கறிக் கடை வைத்திருப்பவர்.

விடுகைப் பத்திரம் இல்லாமல் எடுக்க முடியாது என்று அரச பாடசாலையில் கைவிரித்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. பிறகு கணக்காய்வில் பாடசாலைதான் பதில் சொல்ல வேண்டும், மேலிடத்திலிருந்து எழுத்தில் வந்தால் எடுப்போம் என்கிறார்கள். அந்த மேலிடம் தாங்கள்தான் என்பதால் இந்த மனு தங்களுக்கு வருகிறது. அவன் வயதுப் பிள்ளைகள் தேசிய அடையாள அட்டைக்குப் பாடசாலை அதிபர் மூலம் விண்ணப்பிக்கும் காலம் இது. இவனுக்கு இப்போது அதிபர் என்று ஒருவரே இல்லை.

கட்டாயக் கல்விக்கான வயதெல்லை 2016 இல் 14 இலிருந்து 16 ஆக உயர்த்தப்பட்டதைத் தாங்கள் எங்களைவிட நன்றாக அறிவீர்கள். பதினாறுக்குக் குறைந்த பிள்ளை பாடசாலைக்குப் போகாவிட்டால் தாய் தகப்பனைக் கூப்பிட்டு விசாரிக்க வரவுக் குழு இருக்கிறது. அந்தப் பிள்ளையின் பத்திரத்தை லாச்சிக்குள் வைத்துப் பூட்டியிருப்பவரை யார் கூப்பிடுவது? இதே நிலையில் இன்னும் சில பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களின் விபரமும் உறையில் உண்டு.

இந்த நிலை ஒரே நாளில் வந்ததல்ல. வருடத் தொடக்கத்தில் காசு கட்டும் கவுண்டரில் மாணவர் கைநூல் ஒன்றை நீட்டி, கடைசிப் பக்கத்தில் கையெழுத்து வாங்குவார்கள். முழுவதும் ஆங்கிலம். பின்னால் வரிசை நிற்கும்போது அதை யார் வாசித்துப் பார்ப்பது? கையெழுத்துக்கு மேலே சின்ன எழுத்தில், முகாமைத்துவம் இந்த விதிகளை எந்நேரமும் முன்னறிவித்தல் இன்றி மாற்றலாம் என்று ஒரு வரி இருக்கிறது. உண்மையில் அந்தப் பாடசாலையில் இருப்பது அந்த ஒரு விதிதான். மற்றப் பக்கங்கள் அழகுக்கு அச்சடித்தவை.

வகுப்பேற்றத்தை எடுத்துக்கொள்வோம். எல்லாப் பாடங்களுக்கும் சேர்த்துச் சராசரி 40 புள்ளி எடுத்தால் போதும் என்று கைநூலில் இருந்தது. மூன்றாம் தவணைப் பரீட்சை முடிந்து, விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த வாரத்தில் பெற்றோர் வட்ஸ்அப் குழுவுக்கு ஓர் இரவு செய்தி வந்தது: ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம் மூன்றிலும் தனித்தனியே 50 வேண்டும், இந்த வருடத்திலிருந்தே நடைமுறை. எழுதி முடித்த பரீட்சைக்குப் பிறகு சித்திப் புள்ளியை உயர்த்துவது எந்த ஊர் நியாயம் என்று கேட்டவரைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

அப்புறம் 'விசேட வகுப்பு' என்று ஒன்று வந்தது. அதே ஆசிரியர், அதே வகுப்பறை, பின்னேரம், தனிக் கட்டணம். அதற்குத் தரும் பற்றுச்சீட்டில் 'பல்வகை' என்று மட்டும் எழுதியிருக்கும், பிரதிகள் இணைத்துள்ளோம். காசு கட்டி அந்த வகுப்புக்குப் போன பிள்ளைகள் எல்லோரும் மறுபரீட்சையில் சித்தியடைந்தார்கள். போகாதவர்கள் திரும்பவும் தரம் 9 இல் இருக்கிறார்கள். இது தற்செயலாகவும் இருக்கலாம். விடைத்தாளைக் காட்டினால் நம்பிவிட்டுப் போவோம். காட்டவில்லை.

மேல் வகுப்புகளில் வேறு மாதிரி. லண்டன் சாதாரண தரப் பரீட்சைக்கு முன்னோடிப் பரீட்சை ஒன்று வைக்கிறார்கள். அதில் புள்ளி குறைந்த பிள்ளையின் பெயரைப் பாடசாலை மூலம் அனுப்புவதில்லை. வெளியே தனியாக விண்ணப்பியுங்கள் என்று சொல்லிவிடுகிறார்கள். ஆறேழு வருடம் கட்டணம் வாங்கிய பிள்ளை கடைசியில் அவர்களுடைய பிள்ளை இல்லையாம். அந்த வருடம் கேற்றில் 'நூறு வீதச் சித்தி' என்று பெரிய பதாகை தொங்கியது. இப்படி வடிகட்டி அனுப்பினால் எந்தப் பாடசாலைக்கும் நூறு வீதம் வரும்.

ஒழுக்கம் என்ற பெயரில் நடப்பவற்றில் எங்களை அதிகம் வருத்துவது ஆரம்பப் பிரிவில் நடப்பது. வகுப்பறைக்குள் தமிழ் பேசினால் இருபது ரூபா தண்டம். மேசையில் பழைய பால்மா ரின் ஒன்று, மூடியில் காசு போட வெட்டிய துளை. பக்கத்தில் ஒரு கொப்பி. தமிழ் பேசியவரின் பெயரை வகுப்புத் தலைவர் அதில் எழுத வேண்டும். தலைவருக்கும் எட்டு வயதுதான். "ரீச்சர், வயிறு குத்துது" என்று சொன்ன பிள்ளையின் பெயரும் அந்தக் கொப்பியில் ஏறியிருக்கிறது. ஆங்கிலம் நன்றாக வரவேண்டும் என்றுதான் அங்கே சேர்த்தோம், பேசிப் பழகத்தான் வேண்டும். ஆனால் கூட்டாளியைக் காட்டிக்கொடுக்கப் பழக்குவதற்கும் ஆங்கிலத்துக்கும் என்ன தொடர்பு? இந்த நாட்டில் தமிழ் அரசகரும மொழி. 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தம் அதை அரசியலமைப்பில் எழுதியது. தன் மொழியைப் பயன்படுத்தும் சுதந்திரத்தை அதே அரசியலமைப்பின் 14 ஆவது உறுப்புரை பிரசைக்குத் தருகிறது. தமிழ் பேசியதற்காகத் திருகோணமலையில் ஒரு பிள்ளை தண்டம் கட்டுகிறது என்பதை எழுதவே எங்களுக்குக் கூச்சமாக இருக்கிறது.

காலை ஏழரைக்குக் கேற் பூட்டப்படும். பிந்தி வருபவர்கள் முதலாம் பாடம் முடியும் வரை வெளியே றோட்டோரம் நிற்க வேண்டும். மாரி காலத்தில் கிண்ணியாவிலிருந்தும் நிலாவெளிப் பக்கமிருந்தும் வரும் வான்கள் வெள்ளத்தில் பிந்துவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். வான் பிந்தினால் பிள்ளை என்ன செய்யும்? மழையானாலும் வெயிலானாலும் நிற்கத்தான் வேண்டும். நகரில் திரியும் மான்களுக்குக் கூட மழைக்கு எந்த மரத்தடியிலும் ஒதுங்க அனுமதி உண்டு. இவர்கள் கேற்றுக்கு நேரே நிற்க வேண்டும் என்பது விதி. அடிமட்டத்தால் விரல் மொழியில் அடிப்பதும் உண்டு. தலைமயிர், சப்பாத்து, நகம் என்று மற்றவை பற்றி எங்களுக்குப் பெரிய முறைப்பாடு இல்லை.

அரச பாடசாலையில் இப்படி நடந்தால் எங்கே போவது என்று தெரியும். உடல் ரீதியான தண்டனையைத் தடைசெய்யும் கல்வி அமைச்சின் 12/2016 சுற்றுநிருபம் இருக்கிறது. ஆசிரியர் ஒருவர் மாணவனைக் கன்னத்தில் அறைந்த வழக்கில், அது அரசியலமைப்பின் 11 ஆவது உறுப்புரையை மீறிய செயல் என்று உயர் நீதிமன்றம் 2021 இல் தீர்ப்பளித்தது. ஆனால் அந்த அடிப்படை உரிமை வழக்கு வழி அரச நிர்வாகச் செயல்களுக்கு மட்டும்தான் திறந்திருக்கிறது. 1961 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்கச் சட்டம் 5 முதல் 14 வயது வரையான பிள்ளைகளுக்குப் புதிதாகத் தனியார் பாடசாலை தொடங்குவதைத் தடுத்தது. அதன் பிறகு வந்தவை கம்பனிச் சட்டத்தின் கீழ் பதிவாகிப் பாடசாலை என்று பெயர் போட்டுக்கொண்டன. கடை, ஹோட்டல் போல இதுவும் ஒரு கம்பனி. பாடசாலைகளைத் தடுக்கப் போட்ட சட்டம், அவற்றைக் கண்காணிக்க யாரும் இல்லாத நிலையில் கொண்டுவந்து விட்டிருக்கிறது.

அதனால்தான் நாங்கள் அலைந்து திரிந்தோம். கல்வி அலுவலகம் ஒன்றில், அது கம்பனி, எங்களுக்குக் கீழ் வராது என்றார்கள். இன்னோர் அலுவலகத்தில், இது கல்வி விடயம், கல்விக்காரரிடம் போங்கள் என்றார்கள். இருக்கச் சொல்லி, தண்ணீர் தந்து, மரியாதையாகத்தான் பேசினார்கள். பதில்தான் இல்லை.

ஆனாலும் கம்பனி என்பதால் எல்லாச் சட்டமும் நின்றுவிடுவதில்லை. தண்டனைச் சட்டக்கோவையில் 1995 இல் சேர்க்கப்பட்ட 308அ பிரிவு, தன் பொறுப்பில் உள்ள பிள்ளையைக் கொடுமைப்படுத்துபவர் அரச ஊழியரா தனியார் ஊழியரா என்று பார்ப்பதில்லை. 1998 ஆம் ஆண்டின் 50 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபைக்கும் அந்த வேறுபாடு இல்லை. இலங்கை 1991 இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 28 ஆவது உறுப்புரை, பாடசாலை ஒழுக்கம் பிள்ளையின் மனித கண்ணியத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்கிறது. எந்தப் பாடசாலை என்று அது பிரித்துச் சொல்லவில்லை.

பாடசாலையை மூடச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. அங்கே நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள். பலர் உயர்தரம் முடித்தவுடன் வந்த பிள்ளைகள், குறைந்த சம்பளம், வகுப்பை எப்படிக் கட்டுப்படுத்துவது என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அடிமட்டத்தைத் தூக்குவது அவர்களுக்குத் தெரிந்த ஒரே வழியாகவும் இருக்கலாம். ஒழுக்க விதியே வேண்டாம் என்பவர்களும் நாங்கள் அல்ல. விதி என்றால் முதலே தெரிய வேண்டும், நடுவில் மாறக்கூடாது, தண்டிக்க முன் பிள்ளையின் சொல்லையும் கேட்க வேண்டும். இவ்வளவுதான்.

எனவே தங்களிடம் நாங்கள் கேட்பது முதலாவதாக, முழுக்கத் தங்கள் அதிகாரத்துக்குள் இருக்கும் ஒன்று. தனியார் பாடசாலையிலிருந்து விலகிய பிள்ளை 16 வயதுக்கு உட்பட்டதாக இருந்து, விடுகைப் பத்திரம் மறுக்கப்பட்டிருந்தால், பிறப்புச் சான்றிதழையும் கடைசித் தவணைத் தேர்ச்சி அறிக்கையையும் பெற்றோரின் சத்தியக் கடதாசியையும் வைத்து அந்தப் பிள்ளையை வயதுக்குரிய வகுப்பில் சேர்த்துக்கொள்ளும்படி மாகாணப் பாடசாலை அதிபர்களுக்கு எழுத்தில் அறிவுறுத்துங்கள். கட்டணத் தகராறு பெற்றோருக்கும் கம்பனிக்கும் இடையிலானது. வேண்டுமானால் அவர்கள் நீதிமன்றம் போகட்டும். அதற்காகப் பிள்ளையின் படிப்பை ஈடாக வைத்திருக்கக்கூடாது. மேலே சொன்ன பையனைப் பொறுத்தவரை, சுற்றுநிருபம் தயாராகும் வரை காத்திராமல் வலயக் கல்விப் பணிப்பாளருக்கு ஒரு தனிக் கடிதம் கொடுத்தாலே போதும். அடுத்த தவணை தொடங்கும்போது அவன் வகுப்பில் இருப்பான்.

இரண்டாவது, தங்கள் தலைமையில் பாடசாலை முகாமைத்துவத்தையும் பெற்றோரையும் ஒரே மேசையில் இருத்தும் கூட்டம் ஒன்று. கட்டளையிட அதிகாரம் இல்லை என்றாலும் மாகாணக் கல்விப் பணிப்பாளர் அழைத்தால் வராமல் இருக்க மாட்டார்கள். வகுப்பேற்ற விதியும் ஒழுக்க விதியும் தமிழிலும் எழுதித் தரப்பட வேண்டும், வருட நடுவில் மாற்றக்கூடாது, விடைத்தாளைப் பெற்றோர் கேட்டால் காட்ட வேண்டும், இடைநிறுத்தினால் காரணம் சொல்லிக் கடிதம் தர வேண்டும் என்பவற்றை அங்கே பேசி எழுதிக்கொள்ளலாம். அந்த ரின்னும் கொப்பியும் கூட்டத்துக்கு முன்பே மேசையிலிருந்து எடுக்கப்பட்டால் நல்லது. அடிப்பது, வெளியே நிறுத்துவது பற்றிய எங்கள் முறைப்பாட்டைச் சிறுவர் பாதுகாப்பு உத்தியோகத்தருக்கும் அனுப்புகிறோம். தங்கள் குறிப்பும் சேர்ந்து போனால் அதற்கு எடை கூடும்.

கம்பனியாகப் பதிவான பாடசாலைகளை யார் மேற்பார்வை செய்வது என்பது கொழும்பில் தீர்மானிக்க வேண்டியது என்று எங்களுக்குத் தெரியும். இந்த மாவட்டத்தில் நடப்பதை அமைச்சுக்கு எழுதும்போது இந்த மனுவையும் இணைத்து அனுப்புங்கள்.

விசாரணைக்காகப் பிள்ளைகளை நேரில் கேட்க விரும்பினால், பாடசாலை வளாகத்துக்குள் வைத்துக் கேட்க வேண்டாம் என்று மிகத் தயவாகக் கேட்டுக்கொள்கிறோம். நாளையும் நேரத்தையும் சொன்னால் நாங்களே தங்கள் அலுவலகத்துக்குக் கூட்டி வருகிறோம். பாட நேரம் முடிந்த பின்னேரமாக இருந்தால் வசதி.

இங்ஙனம்,
பெற்றோர்
(கையொப்பங்கள் மூடிய உறையில்)

பிரதிகள்:
வலயக் கல்விப் பணிப்பாளர், திருகோணமலை
மாவட்டச் சிறுவர் பாதுகாப்பு உத்தியோகத்தர், திருகோணமலை
அரசாங்க அதிபர், திருகோணமலை மாவட்டம்