பாப்பாவுக்கு, ஜீப்புல உக்காந்து எழுதுறது

பாப்பா,

நேத்து ராத்திரி அம்மாகிட்ட மட்டும் பேசிட்டு போனை வச்சுட்ட. என்கிட்ட குடுக்கச் சொல்லல. புரியுது தாயி. அழுகைச் சத்தம் கேட்டா இந்த மனுசன் புத்தி சொல்ல ஆரம்பிச்சுருவாருன்னு பயம். அதான் எழுதுறேன். பிடிக்கலேன்னா மடிச்சு வச்சுரலாம்ல.

இப்ப கம்பம்மெட்டு தாண்டி, ஏலக்காய்த் தோட்டத்து ஸ்டோர் வாசல்ல வண்டியை நிறுத்தியிருக்கேன். பொம்பளையாளுக எல்லாம் காய் எடுக்க இறங்கிப் போயாச்சு. சாயந்தரம்தான் திரும்ப ஏத்தணும். ஸ்டியரிங் மேல நோட்டை வச்சு எழுதுறேன், எழுத்து கோணலா இருந்தா ஸ்டியரிங்கைத் திட்டிக்க.

146. உன் சி.ஏ. பரீட்சை மார்க்கை அம்மா சொன்னா. மூணு பேப்பருக்கும் சேத்து 150 வேணுமாம், நாலு மார்க்ல போச்சாம். ஒத்தைப் பேப்பர்லகூட 40க்குக் கீழ போகல, கூட்டுத்தொகையில விட்டுருச்சு. மூணாவது தடவை வேற. எல்லாம் நல்லதுக்குத்தான்னு நான் சொல்லப் போறதில்ல. போன தடவை உங்க பெரியப்பா அப்படிச் சொன்னப்ப நீ தட்டை வச்சுட்டு எந்திரிச்சுப் போனது எனக்கு நினைப்பிருக்கு. நாலு மார்க்ல எந்த நல்லதும் இல்ல. அது நட்டம்தான்.

உனக்குத் தெரியாத விசயம் ஒண்ணு சொல்றேன். 2020 மார்ச்ல ஊரடங்கு போட்டப்ப நீ காலேஜ் ஹாஸ்டலைக் காலி பண்ணிட்டு வீட்டுக்கு வந்துட்ட. குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டுன்னு கேரளாவுக்குப் போற எல்லா வழியும் அடைச்சுட்டாங்க. தோட்டத்துக்கு ஆள் போக முடியல. ஜீப்பு வாசல்ல நின்னுச்சு, தவணை மட்டும் ஓடிக்கிட்டு இருந்துச்சு. ரிசர்வ் பேங்க் ஆகஸ்ட் வரைக்கும் தவணை கட்ட வேண்டாம்னு சொல்லுச்சு, ஆனா அந்த மாசங்களுக்கும் வட்டி ஏறும்னு ஃபைனான்ஸ்காரன் சொன்னப்பதான் விளங்குச்சு. அப்பாவுக்கு முதுகுவலின்னு அம்மா உன்கிட்ட சொன்னால்ல? முதுகுவலியெல்லாம் இல்ல. பதினாலு நாள் சுவத்தைப் பாத்துப் படுத்துக் கிடந்தேன். 2011 டிசம்பர்ல முல்லைப் பெரியாறு அணைப் பிரச்சினைன்னு எல்லையை அடைச்சப்பவும் நாந்தான் மாட்டுனேன், இப்பவும் நாந்தானா, எனக்கு மட்டும் ஏன்னு அதே கேள்விதான் திரும்பத் திரும்ப ஓடுச்சு. கடைசியா ஆர்.சி. புக்கை எடுத்துச் சட்டைப் பையில வச்சுட்டேன், உத்தமபாளையத்துல ஒரு புரோக்கர்கிட்ட வந்த விலைக்குக் குடுத்துருவோம்னு.

அன்னைக்குத்தான் முன்சீட்டு அக்கா வந்தாங்க. உனக்கு முன்சீட்டு அத்தை. இருவது வருசமா என் வண்டியில அந்த இடத்தை யாருக்கும் விட்டுக் குடுக்காதவங்க, உன்னையக்கூட பின்னாடி ஏறச் சொன்னவங்க. வீட்டுக்காரர் போய் ரெண்டு பிள்ளைகளைக் காய் எடுத்தே கரை சேத்தவங்க. சுருளிப்பட்டியில ஒரு தோட்டக்காரர் பன்னீர் திராட்சையைக் கொடியிலயே விட்டுட்டாராம். வண்டி வரல, வியாபாரி வரல, பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டாதுன்னு. பன்னீர் திராட்சை எத்தனை நாள் தாங்கும்னு உனக்கே தெரியும். "பழம் விக்க பாஸ் குடுக்கிறாங்க தம்பி. வாங்கிட்டு வண்டியை எடு"ன்னாங்க.

எனக்கு மானம் போற மாதிரி இருந்துச்சு. ஆள் ஏத்துற வண்டியில பழம் விக்கிறதான்னு. முகக்கவசம் போட்டிருந்ததால தப்பிச்சேன். முதல் நாள் கோகிலாபுரம், ராயப்பன்பட்டின்னு சுத்துனோம். நான் வாயே தொறக்கல, கூவுனதெல்லாம் அக்காதான். பாதிக்கு மேல திரும்பி வந்துருச்சு. நான் சொன்னேன்ல, இது ஆவாதுன்னு ஆரம்பிச்சேன். அக்கா காதுலயே வாங்கல. "எந்தத் தெருவுல நாலு பேரு வெலை கேட்டாக?"ன்னாங்க. நான் கவனிக்கவே இல்ல. அவங்களே சொன்னாங்க, ரேஷன் கடை வரிசை பக்கத்துல நின்னப்பதான்னு. மறுநாள் ரேஷன் கடை தொறக்குற நேரத்துக்கு அங்கதான் வண்டியைப் போட்டோம்.

அந்த அக்கா சிரிச்ச மூஞ்சிக்காரங்கன்னு நினைச்சுக்காத. காலையில ஏறுனா இறங்குற வரைக்கும் திட்டுதான். கொரோனாவைத் திட்டுவாங்க, தோட்டக்காரரைத் திட்டுவாங்க, கியர் மாத்துனா சத்தம் வருதுன்னு என்னையத் திட்டுவாங்க. ஆனா வாய் திட்டிக்கிட்டு இருக்கும்போதே கை பழத்தைத் தரம் பிரிச்சுக்கிட்டு இருக்கும். நசுங்குனது தனி, காம்பு காஞ்சது தனி. மனத்திடம்னா சிரிச்சுக்கிட்டே இருக்கணும்னு நான் அதுவரைக்கும் நினைச்சிருந்தேன்.

சிரிச்சுக்கிட்டே இருந்தவரு உங்க சித்தப்பா. நாளைக்குத் தொறந்துருவாங்க, அடுத்த வாரம் சரியாப் போகும்னு ஜூன் வரைக்கும் சொல்லிக்கிட்டு இருந்தாரு. பேட்டரியைக்கூட ஒருநாள் போட்டுப் பாக்கல. தொறந்தப்ப வண்டி கிளம்பல. பாவம், நல்ல மனுசன். அதைக் குறையாச் சொல்லல, ஆனா அந்தத் தைரியம் எனக்கு வேண்டாம்.

பழம் வித்துக் கடன் அடைஞ்சுச்சான்னா, இல்ல. அரிசி, பருப்புக்கு ஆச்சு, உன் போன் ரீசார்ஜுக்கு ஆச்சு. வட்டி வட்டியாத்தான் ஏறுச்சு. நம்ம மனசு மாறுனதுக்காக ஃபைனான்ஸ்காரன் ஒரு ரூபா குறைக்கல. வண்டி மட்டும் என்கிட்ட இருந்துச்சு. அதுலதான் இப்ப உக்காந்திருக்கேன்.

இதை எதுக்குச் சொல்றேன்னா, மனசு இருந்தா எல்லாம் முடியும்னு பேசுறவங்களைக் கண்டா எனக்கு ஆகாது. நம்ம வீட்டுக் காலண்டர்ல பென்னிகுவிக் இருக்காரு. சனவரி 15 வந்தா நாமளும் பொங்கல் வைக்கிறோம். வெள்ளம் வந்து கட்டுனதை அடிச்சுட்டுப் போயும் விடாம 1895ல அந்த முல்லைப் பெரியாறு அணையை முடிச்சாரு, நம்ம பள்ளத்தாக்கு இன்னைக்கும் அந்தத் தண்ணியிலதான் ரெண்டு போகம் பாக்குது. கும்பிட வேண்டியவருதான். ஆனா அதே காட்டுல கல்லும் சுண்ணாம்பும் சுமந்து மலேரியாவுல செத்தவங்க எத்தனை பேரு? அவங்களுக்கு மனத்திடம் இல்லாமலா செத்தாங்க? அவங்க படம் எந்தக் காலண்டர்லயும் இல்ல. அதனால நீ ஃபெயில் ஆனது உன் மனசு சரியில்லாததாலன்னு யாராச்சும் சொன்னா நம்பாத. நான் சொன்னாலும் நம்பாத.

இன்னைக்குக் காலையில மலை ஏறும்போது செம மூட்டம். புதுசா வந்த ஒரு பையன் எனக்கு முன்னாடி ஹைபீம் போட்டுட்டுப் போனான். மூட்டத்துல ஹைபீம் போட்டா வெளிச்சம் நம்ம கண்ணுக்கே திரும்ப வரும், வெள்ளைச் சுவரு மாதிரி நிக்கும், ரோடு தெரியாது. பயத்துல அவன் நடு ரோட்டுல நிறுத்திட்டான். நான் இறங்கிப் போய், லைட்டைத் தாழ்த்து, ரெண்டாவது கியர்ல வை, இடது பக்க ஓரக்கோடு மட்டும் பாத்துக்கிட்டு என் பின்னாடி வான்னு சொன்னேன். ஓரக்கோடு நாலடிதான் தெரிஞ்சுச்சு. பைய ஊர்ந்து வந்து சேந்தான். கை ரெண்டும் நடுங்குது பையனுக்கு. டீ வாங்கிக் குடுத்தேன்.

உன் மார்க்கை அம்மா ரேஷன் கார்டுக்குப் பின்னாடி எழுதி வச்சிருக்கா. 61, 43, 42. அந்த 61 வந்த பேப்பரை இன்னும் மூணு தடவைக்கு எழுத வேண்டாம்னு நீதான் முன்ன ஒருக்கா சொன்ன, 60 வந்துட்டா அப்படின்னு. நேத்து அதைப் பத்தி நீ பேசவே இல்லையாம். அப்ப மிச்சம் ரெண்டு பேப்பர்தானே? அதுல 43 வந்ததுல எந்தக் கணக்குல மார்க் போச்சு, 42 வந்ததுல நேரம் பத்தலையா இல்ல படிச்சது வரலையா? எனக்கு அந்தப் பாடம் புரியாது, பத்தாங்கிளாஸோட நின்னவன். ஆனாலும் ஞாயித்துக்கிழமை போன் பண்ணி எனக்கு விளக்கிச் சொல்லு. புரியாட்டியும் கேட்டுக்கிட்டு இருப்பேன். அதுவரைக்கும் அழணும்னா அழு, அதுக்கு நாள் கணக்கு வேண்டாம். நான் பதினாலு நாள் எடுத்துக்கிட்டவன்.

திரும்ப எழுத வேண்டாம், வேலைக்குப் போறேன்னு சொன்னாலும் வீட்டுல சண்டை இல்ல. பெரியப்பாவை நான் பாத்துக்குறேன். நீ உக்காந்து யோசிச்சுச் சொல்லணும், அவ்வளவுதான். சுவத்தைப் பாத்துப் படுத்துக்கிட்டு முடிவெடுக்காத. ஆர்.சி. புக்கு கதை தெரியும்ல இப்ப.

முன்சீட்டு அத்தைகிட்ட இன்னும் சொல்லல. சொன்னா அந்த 146 போட்டவனை குமுளி வரைக்கும் திட்டிக்கிட்டு வருவாங்க. நாளைக்குச் சொல்றேன், உனக்காக ஒருத்தர் வாய் நிறையத் திட்டட்டும்.

ராத்திரி பஸ்ஸுல ஒரு அட்டைப் பெட்டி குடுத்து விடுறேன், பன்னீர் திராட்சை நாலு கிலோ, ஓரத்துல ஏலக்காய்ப் பொட்டலம் ஒண்ணு. காலையில பஸ் வந்ததும் போய் வாங்கிக்க, வெயில்ல போட்டு வச்சுருவாங்க. அடியில இருக்கிறது கொஞ்சம் நசுங்கியிருக்கும். அதை முதல்ல எடுத்துத் தின்னுரு, மிச்சத்தை ரூம்ல இருக்கிற பிள்ளைகளுக்குக் குடு.

அப்பா